போர்ட்டிங் செய்த டூ-ஸ்ட்ரோக் ஏடிவி: காசு கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய டூ-ஸ்ட்ரோக் ஏடிவிகளை, அதாவது மண், மணல் பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கர வண்டிகளைப் பற்றியவை. யமஹா பான்ஷீ, பிளாஸ்டர், ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர், சுசுகி எல்டி 250ஆர் எல்லாமே உற்பத்தி நின்றுபோன வண்டிகள். ஷோரூம் கிடையாது, கம்பெனி வாரண்டி கிடையாது. விற்பவர் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

கேள்வி: ஒரு பான்ஷீ 350 விலைக்கு வந்திருக்கிறது. போர்ட்டிங் (சிலிண்டரின் போர்ட் துளைகளைக் கடைந்து மாற்றுவது) முடிந்தது, 4 மி.மீ. ஸ்ட்ரோக்கர் கிராங்க், ரேஸ் பைப் என்று விற்பவர் அடுக்குகிறார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. வேலை எதுவும் செய்யாத வண்டியைவிட நல்ல தொகை கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?

பில்லும் அளவுக் குறிப்பும் கையில் இல்லையென்றால் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்காதீர்கள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆவது ஒரு சான்றே இல்லை. நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்.

முதலில் அந்த ஸ்ட்ரோக்கர் கதை. பான்ஷீயின் ஒரிஜினல் அளவு 64 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 347 சிசி. 4 மி.மீ. கிராங்க் போட்டால் ஸ்ட்ரோக் 58 ஆகும். அதே போரில் 373 சிசி வரும். இதை இன்ஜினைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவைப் பிஸ்டன் தலைமேல் நிறுத்துங்கள். ஆறாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றினால் ஸ்ட்ரா ஏறி இறங்கும். உச்சியில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. இடைவெளி 54 என்றால் கிராங்க் மாறவே இல்லை.

அடுத்து பைப்பைக் கழற்றச் சொல்லி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடுகளோ, அலுமினியம் இழுபட்ட தடமோ தெரிந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை பிடித்த (பிஸ்டன் சிலிண்டரில் சிக்கிக்கொண்ட) இன்ஜின். கம்ப்ரஷன் கேஜில் வரும் எண்ணை ரொம்பப் பெரிதுபடுத்தாதீர்கள். ஹெட்டையும் கேஜையும் பொறுத்து அது மாறும், ரிங்கில் கொஞ்சம் ஆயில் ஊற்றினாலே ஏறிவிடும். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் பேசும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஏதோ ஒன்று சரியில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது லீக்-டவுன் டெஸ்ட். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. எங்காவது சீல் தேய்ந்திருந்தால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே வரும், கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), பிஸ்டன் உருகும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பான்ஷீயில் இரண்டு இன்டேக் ரப்பர்களையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய் உண்டு. அங்கே வெடிப்பு விட்டிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும், அது கண்ணுக்குத் தெரியும். மேக்னெட் பக்க சீல் போனால் புகையும் வராது, சத்தமும் வராது. அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கடைசியாக, சிலிண்டரில் இன்னும் எவ்வளவு சதை மிச்சம் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை போர் செய்யும்போதும் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும்போதும்) பிஸ்டன் அளவு ஏறும். அந்த அளவு பிஸ்டன் தலையில் அச்சடித்திருக்கும். 66 மி.மீ.-ஐ நெருங்கிவிட்டது என்றால் அடுத்த ரிப்பேருக்குப் புது ஸ்லீவ் அல்லது புது சிலிண்டர் என்று கணக்குப் போட்டு, விலையில் கழியுங்கள். இந்தச் சோதனைகளுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா, வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: என் வண்டியில் இன்ஜின் வேலை எதுவும் செய்யவில்லை. பைப், ரீட் வால்வு, பெரிய கார்புரேட்டர், ‘ஸ்டேஜ் 2 கிட்’ என்று ஏகப்பட்டது விற்கிறார்கள். முதலில் எதை வாங்குவது?

பைப், அதோடு ஒரு செட் மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளையுள்ள சின்னத் திருகு). மற்றதெல்லாம் அப்புறம்.

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் அந்த உப்பிய குழாய் வெறும் புகைபோக்கி இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரிந்துகொண்டே போகும் கூம்பில் நுழையும்போது சிலிண்டரிலிருந்து மிச்சப் புகையை உறிஞ்சி இழுக்கிறது. கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் வெளியே வந்துவிடும். பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பும் அலை, போர்ட் மூடுவதற்குள் அந்தக் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. திரும்பும் நேரம் சரியாக அமைந்தால் கூடுதல் சக்தி. அது எந்த ஆர்பிஎம்மில் அமையும் என்பதைப் பைப்பின் நீளம் முடிவு செய்கிறது. அதனால் ‘எவ்வளவு ஹெச்பி ஏறும்’ என்று கேட்காமல் ‘எந்த ஆர்பிஎம்மிலிருந்து எதுவரை இழுக்கும்’ என்று கேளுங்கள். மணல்மேட்டில் நேர்கோட்டில் பறப்பதற்காகச் செய்த பைப்பை மரங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டும் பாதையில் போட்டால், வளைவுக்கு வளைவு கிளட்ச்சை அமுக்கி அமுக்கியே கை விட்டுப்போகும்.

‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என்பதற்கெல்லாம் பொது விதி எதுவும் இல்லை. ஒரு கடையின் ஸ்டேஜ் 2 இன்னொரு கடையின் ஸ்டேஜ் 1-ஆக இருக்கலாம். உள்ளே என்னென்ன வருகிறது என்ற பட்டியல் இல்லாத கிட்டை வாங்காதீர்கள். ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்) நல்ல பொருள்தான், திராட்டிலுக்கு இன்ஜின் பதில் சொல்வது மேம்படும். ஆனால் பைப் கொடுக்கும் வித்தியாசத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பான்ஷீயோடு வருவது 26 மி.மீ. கார்புரேட்டர். போர்ட்டிங் செய்யாத இன்ஜினுக்கு அதுவே போதும். பெரியதை மாட்டினால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து, இழுவை போய்விடும்.

கேள்வி: கடையில் ஏர்பாக்ஸ் மூடியை எடுத்துவிட்டுப் புது ஃபில்டரும் பைப்பும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இடது சிலிண்டர் பிடித்துக்கொண்டது. ‘நீங்கள் ஆயில் குறைவாகக் கலந்திருப்பீர்கள், எங்கள் பொறுப்பு இல்லை’ என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இரண்டு சிலிண்டரும் குடிப்பது ஒரே டேங்க்கிலிருந்து. ஆயில் குறைவு என்றால் இரண்டுமே அடி வாங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது என்றால், முதல் சந்தேகம் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டர், இன்டேக் ரப்பர், சீல் மீதுதான் போக வேண்டும். மேக்னெட் பக்க சீல் இருப்பதும் இடதுபுறம்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

பழைய பிஸ்டனைக் கடையிலிருந்து கேட்டு வாங்குங்கள். அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். உங்கள் தரப்பு சாட்சி அதுதான். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசித் தேய்ந்து, தலை ஓரம் உருகியிருந்தால் லீன் கலவை. சுற்றி நான்கு இடங்களில் சமமாகத் தடம் இருந்தால், சிலிண்டரை விடப் பிஸ்டன் வேகமாக விரிந்திருக்கிறது: இடைவெளி போதவில்லை, அல்லது சூடேறும் முன் முழு திராட்டில் கொடுத்திருக்கிறீர்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் இது சகஜம், ரேடியேட்டர் கைக்கு இதமாகச் சுடும் வரை அவற்றை விரட்டக் கூடாது. தலை ஓரத்தில் பொடிப்பொடியான குழிகள் இருந்தால் டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது). இன்டேக் பக்கம் மட்டும் கீறலென்றால் ஃபில்டரைத் தாண்டி மண் போயிருக்கிறது.

அடுத்து பில்லைப் பாருங்கள். மூடியை எடுத்தால் காற்று கூடும், பைப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதற்கேற்ப மெயின் ஜெட்டை ஏற்றியே ஆக வேண்டும். பில்லில் ஃபில்டரும் பைப்பும் இருந்து, ஜெட் இல்லையென்றால் வேலை பாதியில் நின்றிருக்கிறது. அந்தப் பாதி கடையின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவு ஜெட் போட்டீர்கள், பிளக்கின் நிறத்தைப் பார்த்தீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் வராவிட்டால் பேச்சு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி எந்தக் கடையில் கொடுத்தாலும் ஜாப் கார்டில் சில எண்களை எழுதி வாங்குங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி, ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி), ஸ்குவிஷ் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி), போர்ட்டிங் என்றால் கிராங்க் சுற்றில் எக்ஸாஸ்ட் போர்ட் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, லீக்-டவுன் முடிவு. வேலை தெரிந்தவருக்கு இதை எழுத ஐந்து நிமிடம் ஆகாது. ‘அதெல்லாம் எதுக்கு சார், நம்ம அனுபவம் இருக்கு’ என்று வந்தால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்காக ஆயிலைக் கூடுதலாகக் கலக்கலாமா? 32-க்கு 1 என்று ஒருவர், 50-க்கு 1 என்று இன்னொருவர்.

10 லிட்டர் பெட்ரோலுக்கு 32:1 என்றால் சுமார் 312 மில்லி, 40:1 என்றால் 250, 50:1 என்றால் 200. கடுமையாக விரட்டப்படும் ஏடிவிக்கு நான் 32:1 பக்கம்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜெட் வழியே போகும் அளவு ஏறக்குறைய அதேதான். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை லீன் பக்கம் நகர்கிறது. ஆகவே விகிதத்தை ஒருமுறை முடிவு செய்து, அதற்கு ஜெட் வைத்து, பிறகு மாற்றாமல் இருங்கள். ஆமணக்கு ஆயிலையும் சிந்தெடிக்கையும் ஒரே கேனில் கலக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஹை கம்ப்ரஷன் ஹெட் வாங்கப் போகிறேன். ‘93 ஆக்டேன் போதும்’ என்று விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது. தேவைப்பட்டால் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றிக்கொள்ளலாமா?

ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனுக்கான எண். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, அந்த 93 எந்த 93? அமெரிக்க பம்புகளில் எழுதியிருப்பது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு எண்களின் சராசரி. உலகின் பெரும்பாலான நாடுகளில் எழுதுவது ஆர்ஓஎன் மட்டும். அமெரிக்க 93 என்பது ஆர்ஓஎன் கணக்கில் சுமார் 98. உங்கள் பம்பில் 93 ஆர்ஓஎன் இருப்பதைப் பார்த்து ‘சரியாப் போச்சு’ என்று நினைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இரண்டாவது, பூஸ்டர் பாட்டில். ‘5 பாயின்ட் ஏற்றும்’ என்று போட்டிருந்தால் 91 நேராக 96 ஆகும் என்று தோன்றும். அந்த வியாபாரத்தில் ஒரு பாயின்ட் என்பது பெரும்பாலும் 0.1 ஆக்டேன். ஐந்து பாயின்ட் என்றால் அரை எண். சட்டப்படி பொய் இல்லை, அவ்வளவுதான். விமான பெட்ரோல் 100எல்எல் கலப்பவர்களும் உண்டு; அது அடர்த்தி குறைந்தது என்பதால் ஜெட்டை மறுபடி பார்க்க வேண்டும், ஈயமும் உண்டு.

ஹெட் வாங்குவதாகவே இருந்தால், டோமை (ஹெட்டின் உட்குழிவுப் பகுதியை) மட்டும் தனியாக மாற்றக்கூடிய வகையை வாங்குங்கள். நாளை நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊருக்குப் போனால் பெரிய குழிவுள்ள டோமைப் போட்டுக் கம்ப்ரஷனை இறக்கிக்கொள்ளலாம். மாட்டியபின் ஸ்குவிஷ் அளந்தே ஆக வேண்டும். பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர் தொடும்வரை நுழைத்து, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் பிடித்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் அளந்தால் 1 முதல் 1.3 மி.மீ. வரை இருப்பது இந்த அளவு இன்ஜின்களுக்கு வழக்கம். அதற்குக் கீழே போனால் ஹெட்டைத் தட்டும் அபாயம் உண்டு. 2 மி.மீ. பக்கம் இருந்தால் கம்ப்ரஷனுக்குக் கொடுத்த காசு வீண், டெட்டனேஷன்தான் மிச்சம்.

கேள்வி: கெய்ஹின் பிடபிள்யூகே கார்புரேட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது பெரும்பாலும் நகல். சில நகல்கள் ஓடவும் செய்யும், ஆனால் ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தம் இருக்காது, ஸ்லைடு (திராட்டிலோடு ஏறி இறங்கும் கட்டை) சிக்கும். இன்னொன்று, மிக்குனி ஜெட்டின் 160-ம் கெய்ஹின் ஜெட்டின் 160-ம் ஒன்றல்ல. பழைய கார்புரேட்டரின் எண்ணைப் பார்த்துப் புதியதற்கு ஜெட் வாங்காதீர்கள்.

கேள்வி: பான்ஷீயில் டார்ஸ் பெட்டியைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். சரிதானா?

ஸ்லைடு மேலேயே சிக்கிக்கொண்டால் இக்னிஷனை அடக்குவதற்காக வைத்தது அது. வயதான வண்டிகளில் அதுவே கோளாறாகித் திணற வைக்கிறது என்பது உண்மை. கழற்றலாம். ஆனால் அதே ஆர்டரில் மணிக்கட்டில் கட்டும் கயிற்று கில் ஸ்விட்ச் ஒன்றையும் வாங்கி, அதை மாட்டிய பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.