வால் பிடித்தவன் சொல்கிறேன்

கேள்வி: சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் சிங்கே ஊர்வலம் சீனர்களின் விழாதானே? அதில் தமிழர்கள் போய் ஆடுவது எதற்கு?

நீங்கள் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். வந்த புதிதில் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அப்புறம் நானே அதில் போய் நின்றேன். அதுவும் டிராகனின் வாலில்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கே என்பது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிச் சொல். அலங்காரமும் வேஷமும் கட்டி வீதியில் வரும் கலை என்று பொருள். பினாங்கில் மூங்கில் கம்பத்தில் பெரிய கொடியை ஏற்றி நெற்றியில் நிறுத்திக்கொண்டு போவார்களே, அதற்கும் இதே பெயர்தான். சிங்கப்பூரில் இது தொடங்கிய காரணம் பட்டாசு. 1970-ல் புத்தாண்டுப் பட்டாசால் உயிர்கள் போயின. 1972-ல் பட்டாசு வெடித்தவர்களைத் தடுக்கப்போன போலீஸ்காரர்களுக்கே அடி விழுந்தது. முழுத் தடை வந்தது. பட்டாசு இல்லாமல் என்ன புத்தாண்டு என்று ஜனங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள, அந்தக் குறையைத் தீர்க்க 1973 பிப்ரவரியில் முதல் ஊர்வலம் விட்டார்கள். அரசு அமைப்பான மக்கள் கழகமும் தற்காப்புக் கலைச் சங்கங்களும் சேர்ந்து நடத்தியது. ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் வரை. ஜாலான் புசார் எங்கே இருக்கிறது? நம் தேக்காவிலிருந்து, அதாவது லிட்டில் இந்தியாவிலிருந்து, பொடிநடை தூரம். சில வருடங்களிலேயே மலாய், இந்தியக் குழுக்களும் சேர்ந்துவிட்டன. 1985-ல் ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனது, இப்போது எஃப்1 கார் பந்தயத் தடத்தில் நடக்கிறது. ஆகவே "சீனர்களின் விழாதானே" என்றால், வேர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக நம் ஆட்கள் அதில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி என் கதை. எங்கள் புளோக்கில் மூன்றாவது மாடியில் ஒரு சீன அங்கிள். சமூக மன்றத்து டிராகன் குழுவுக்கு அவர்தான் வாத்தியார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை தம்பி. ஒரு நவம்பர் மாதம் லிஃப்டில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஓடுவாயா?" என்றார். நான் ஏதோ மாரத்தான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

பலர் சிங்க நடனத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்கத்துக்குள் இரண்டு பேர், ஆளே தெரியமாட்டார்கள். டிராகன் அப்படியில்லை. எங்களுடையது ஒன்பது கம்பம், கம்பத்துக்கு ஓர் ஆள், எல்லார் முகமும் வெளியே தெரியும். முன்னால் ஒருவர் முத்து உருண்டையைக் கம்பில் ஏந்திப் போவார், தலை அதைத் துரத்தும். தலை பாரம், வால் லேசு, ஆகவே புதியவனுக்கு வால் என்று நானும் நம்பினேன். தலை இரண்டு அடி திரும்பினால் வால் பத்து அடி ஓடியாக வேண்டும் என்பது முதல் பயிற்சியில்தான் தெரிந்தது. எனக்குத் திருவாரூர் பக்கம். தேர் வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள், முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் கை தப்பினால்தான் தெரியும். வாலும் அப்படித்தான்.

முழு ஒத்திகை அன்று மழை. துணி நனைந்து கனத்துவிட்டது. திருப்பத்தில் வால் தரையில் புரள, அதன்மேல் நானே காலை வைத்து, இரண்டு முழத்துக்குத் தையல் பிரிந்துவிட்டது. எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். அங்கிள் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நூல் நனைந்தால் இற்றுப்போகும், இது போகாது" என்றார். ஊர்வலத்தன்று அந்தத் தையல் என் கண்ணெதிரே ஆடிக்கொண்டே வந்தது, பிரியவில்லை.

படம் வாட்ஸாப்பில் போனதும் நம் ஆள் ஒருவர் எழுதினார்: "கடைசியில் சீனனுக்கு வால் பிடிக்கப் போய்விட்டாயா?" பலரும் சிரித்த பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. பிஆர் என்கிற நிரந்தரவாசம் கிடைக்கத்தான் இந்த வேலை என்று இங்கேயும் யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். அதற்கப்புறமும் என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது, போதுமா? இது இன நல்லிணக்கப் பிரசங்கமும் இல்லை. எனக்கு ஓடப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். முதல் சிங்கே வந்த அதே 1973-லிருந்துதான் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை. கோஷ்டிகளுக்குள் அடிதடி, ஊர்வலம் தடைபட்டது என்று காரணம் சொன்னார்கள். அடிதடி நடந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீனர்களுக்குப் பட்டாசு போனதற்கு ஈடாக ஒரு ஊர்வலம் கிடைத்தது, நமக்கு ஊர்வலம் இருந்தும் உறுமி போனது. 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். நான் வந்த புதிதில், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிக்குப் பின்னால் நடந்தபோது, பக்கத்தில் ஒருவர் வாயாலேயே உறுமி அடித்துக்கொண்டு வந்தார். அது இன்னும் காதில் நிற்கிறது. இதைச் சீனர்களின் மேல் பழியாக யாரும் திரிக்க வேண்டாம், அங்கிளுக்கு இந்த விஷயமே நான் சொல்லித்தான் தெரியும். கேட்டுவிட்டு வெகுநேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

போவதாக இருந்தால் டிக்கெட் முன்பே வாங்கிவிடுங்கள், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன் வரும்போது தலையை எல்லாரும் பார்ப்பார்கள், நீங்கள் ஒரு தடவை வாலைப் பாருங்கள்.

போன வாரம் அங்கிள் மறுபடியும் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்கிறது, இனி ஓட முடியாது, வேண்டுமானால் முரசு பக்கம் நிற்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "தொங் தொங் சியாங்... உனக்குத் தாளம் வருமா, தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் போய்!