பிரான்ஸ் அரசர் 14ஆம் லூயியின் குதிரைச் சிலையை 'ஒரே வார்ப்பு' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

குதிரை, அதன்மேல் அரசர் இரண்டையும் துண்டு துண்டாகச் செய்து ஒட்டாமல், உருக்கிய வெண்கலத்தை ஒரே மூச்சில் ஊற்றி எடுப்பதுதான் ஒரே வார்ப்பு. ஜிரார்தோன் வடிவமைத்த 14ஆம் லூயி சிலையை, ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 1692இல் கெல்லர் என்ற வார்ப்பாளர் பாரிஸில் இப்படித்தான் வார்த்தார்.

முதலில் உள்ளே ஒரு கரு, அதாவது சிலையின் உள்பக்க வடிவம், அதன்மேல் மெழுகில் சிலை, அதற்கும் மேல் மண் பூச்சு. சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடைவெளியில் வெண்கலம் போய் நிரம்பும், அதனால் சிலை உள்ளே கூடுதான்.

சரி, ஏன் ஒரே தடவையில்? வீட்டுக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த இணைப்பில்தான் முதலில் கசியும், இல்லையா? அதே கதைதான். அதோடு, 'எங்கள் அரசருக்கு ஒட்டுப்போட்ட சிலை இல்லை' என்ற பெருமையும் உண்டு.

1699இல் இன்றைய வாண்டோம் சதுக்கத்தில் நிறுத்தினார்கள், 1792இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். அரசரின் இடது பாதம் மட்டும் தப்பியது, பாவம்.

அப்புறம், குதிரை ஒரு காலைத் தூக்கியிருந்தால் அரசர் போரில் காயம்பட்டவர் என்பது வெறும் கட்டுக்கதை, இந்தச் சிலையிலும் கால் தூக்கித்தான் இருந்தது, அதற்குக் காரணம் பழைய ரோமானியச் சிலைகளின் பாணி.