இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன்?

உப்புநீர்த் தொட்டி பற்றி வந்த கேள்விகளில் சில:

கேள்வி (அம்பத்தூர்): இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் தொட்டி வாங்கிவிட்டேன். இரண்டு நிமோ (கோமாளி மீன்), ஒரு புளூ டாங், ஒரு மேண்டரின், ஆறு குரோமிஸ் விடலாம் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

பதில்: நிமோ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

உங்கள் தொட்டி கணக்குக்கு 100 லிட்டர். கல்லும் மணலும் போட்டபின் தண்ணீர் 80 லிட்டர்தான் நிற்கும். புளூ டாங் கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தொடும். நாள் முழுக்க நீந்தும் மீன், ஆறடித் தொட்டி கேட்கும். அடைத்து வைத்தால் வெள்ளைப்புள்ளி நோயை முதலில் வாங்குவது அதுதான். மேண்டரின் பார்க்கப் பட்டுப்புடவை மாதிரி இருக்கும். ஆனால் பாறையில் ஊரும் கோபிபாட் என்ற சின்னஞ்சிறு உயிரைக் காலையிலிருந்து மாலைவரை கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் அது கிடைக்காது. குருணைத் தீனியைப் பெரும்பாலும் சீண்டவே சீண்டாது. சில வாரத்தில் வயிறு ஒட்டிப் போய்விடும். குரோமிஸ் கூட்டமாக வாழும் என்று விற்பார்கள். சின்னத் தொட்டியில் ஒன்றையொன்று விரட்டி, பலருக்கும் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான்.

உங்களுக்கு ஏற்றது இப்படி: ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, கடைசியாக நிமோ ஜோடி. நான்கே மீன். இந்த வரிசையில்தான் விட வேண்டும். நிமோ இடம் பிடித்துக்கொண்டால் பிறகு வரும் சாதுவான மீனை மூலையில் ஒண்ட வைத்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே மூன்று வாரம் விடுங்கள், கூடுதலாகும் கழிவுக்கு ஏற்றபடி பாக்டீரியா பெருக வேண்டுமே. கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலும் விட்டால் இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். மணல் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். பாறையை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே உட்கார வையுங்கள். இல்லையென்றால் இறால் தோண்டித் தோண்டி ஒருநாள் பாறை சரிந்துவிடும்.

ஃபயர்ஃபிஷ் தாவும். தொட்டிமேல் கால் அங்குலக் கண்ணுள்ள வலை கட்டாயம். ஒயர் போகிற சின்ன இடைவெளியில்கூட வெளியே விழுந்து காய்ந்துவிடும்.

நிமோவில் பண்ணையில் பொரித்த குஞ்சைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. பண்ணைக் குஞ்சு குருணையை உடனே தின்னும், நோயும் குறைவு. ஜோடி வேண்டுமென்றால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எடுங்கள். எல்லாமே ஆணாகத்தான் வளரும். பெரியது பெண்ணாக மாறிவிடும். ஒரே அளவில் இரண்டு வளர்ந்த மீனை எடுத்தால் யார் பெண் என்று அடித்துக்கொள்ளும்.

கடையில் நிற்கும்போதே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டாலோ, ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (கோவை): முதல் பவளமாக எதை வைக்கலாம்? லைவ் ராக் எங்கே கிடைக்கும்?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். லைவ் ராக் என்று விற்கிற, நுண்ணுயிர் குடியிருக்கும் பாறையில் கடலிலிருந்து எடுத்தது வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் எல்லாக் கடினப் பவளங்களும் கடல் விசிறியும் கடற்குதிரையும் கடல் அட்டையும் சேர்க்கப்பட்டுவிட்டன. செத்த துண்டுக்கும் இது பொருந்தும். 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. அங்கிருந்து வந்த கல் என்று யாராவது விற்றால் பேசக்கூட வேண்டாம். செராமிக்கில் செய்த துளைக்கல் 8 கிலோ வாங்குங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி அம்மோனியம் குளோரைடு போடுங்கள். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகிற அளவுக்குப் பாக்டீரியா பெருகும் வரை மீன் கிடையாது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நடுவில் மணல் பழுப்பாகப் படியும். அது டயாட்டம் என்ற பாசி, தானே போகும், மருந்து தேடாதீர்கள்.

பவளத்தில் மென்பவளத்தோடும் அதன் உறவுகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஹேமர், டார்ச், அக்ரோபோரா எல்லாம் கடினப் பவளம். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் ஹேமர் உங்களுக்குச் சரிப்படாது. இரவில் அரையடி நீளத்துக்குக் கொட்டும் இழைகளை நீட்டும். இரண்டடித் தொட்டியில் அதற்குத் தப்ப அக்கம்பக்கத்துக்கு இடம் ஏது?

முதல் பவளம் மஷ்ரூம். தரையில், விளக்கு நேராக விழாத இடத்தில் வையுங்கள். அடுத்தது ஜோவாந்திட், பொத்தான் பொத்தானாகப் பூக்கும், பாறையின் நடுவில். மூன்றாவதாக ஒரு லெதர், மேலே. கிரீன் ஸ்டார் பாலிப்பும் ஜீனியாவும் புல்லுருவி மாதிரி படரும். பெரிய பாறையில் ஒட்டவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. மணல்மேல் தனியாக நிற்கும் ஒரு கல்லில் மட்டும் வையுங்கள்.

லெதர் வாங்கினவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சில நாள் பூக்காமல் சுருங்கி, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது தோல் உரிக்கிறது. வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் எழுப்பும் பம்ப்) தரும் நீரோட்டம் அதன்மேல் மிதமாகப் படட்டும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரத்தில் தோல் கழன்று மறுபடி விரியும். நாற்றமடித்துக் கரைந்தால்தான் எடுக்க வேண்டும். லெதர் தண்ணீரில் கசியவிடும் வேதிப்பொருள் மற்ற பவளத்தைச் சுருக்கும். ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கரியைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வாங்கும்போது ஃப்ராகின் (வெட்டி ஒட்டி விற்கும் பவளத் துண்டின்) அடிக்கட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் குட்டிக் குடைபோல ஒன்று நின்றால் அது ஐப்டேசியா, களைபோலப் பெருகும் கடல் சாமந்தி. அதைக் கிள்ளி எறிந்தால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது ஐப்டேசியாவாக முளைக்கும். கட்டையோடு வெட்டி எறியுங்கள். புது எல்.இ.டி. விளக்கை முழு அளவில் போடாதீர்கள். பாதியில் தொடங்கி நான்கு வாரத்தில் ஏற்றுங்கள்.

ஜோவாந்திட்டைத் தொடும்போது கையுறை, வெட்டும்போது பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் வேண்டும். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவி வீட்டில் இருக்கிற எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பும்.

கேள்வி (மதுரை): மே மாதம் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகிறது. ஃபேன் வைத்தேன். குறையும் தண்ணீருக்கு உப்புத் தண்ணீரே ஊற்றி வருகிறேன். பவளம் எல்லாம் மூடிக்கிடக்கிறது.

பதில்: ஃபேன் சரி, ஊற்றியதுதான் தப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். உங்கள் தொட்டியிலும் 80 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் இருப்பது 2,800 கிராம் உப்பு. தினம் 2 லிட்டர் உப்புநீர் ஊற்றினால் நாளுக்கு 70 கிராம் கூடும். பத்தே நாளில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 44-ஐத் தொடும். மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். இப்போது ஏறியிருக்கிற உப்பை ஒரே நாளில் இறக்காதீர்கள். நாளுக்கு 1 அல்லது 2 குறைந்தால் போதும். கையில் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்திருக்கும் தாதுவை அளப்பது) வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி இருக்கும், 50-க்குக் கீழே இறங்குவது அரிது. கேன் தண்ணீரும் அப்படியே. தொட்டிக்கு வேண்டியது 0. பாசி விடாமல் வருகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வாரம் 8 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம் மீன்தொட்டிக்கான கடல் உப்புக் கலவை, அதாவது 300 கிராம், போட்டு, ஒரு சின்ன பம்ப் போட்டு இரவு முழுக்கச் சுற்றட்டும். ஃபேனால் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். 28-க்குக் கீழே வரவில்லையென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. ஐஸ் கட்டி போட்டு ஏற்றி இறக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): நிமோவுக்கு வெள்ளைப்புள்ளி. காப்பர் மருந்து தந்திருக்கிறார்கள். தொட்டியில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். காப்பர் பாறையிலும் இறங்கிவிடும். மீன்கள் எல்லாவற்றையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே காப்பர் டெஸ்ட் கிட் வைத்து மருந்து பாட்டிலில் உள்ள அளவில் கொடுங்கள். பவளத் தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் கிடக்கட்டும். ஒட்ட மீன் இல்லாமல் ஒட்டுண்ணி அற்றுப்போகும்.

கேள்வி (சேலம்): நிமோவுக்கு அனிமோன் (கடல் சாமந்தி) இல்லாமல் முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். லெதர் பவளத்திலேயே படுத்துக்கொள்ளும். ஓராண்டு ஆகாத தொட்டியில் அனிமோன் ஊர்ந்து போய் வேவ்மேக்கரில் சிக்கி, கூழாகி, தண்ணீரையே கெடுத்துவிடும்.