கம்பியில குத்தின பில்

அண்ணா வணக்கம்,

நாலஞ்சு வருஷமா உங்களைப் படிக்கிறேன், எழுதறது முதல் தடவை. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன வாரம் வீட்ல வாஷிங்மெஷின் வாங்கலாமான்னு பேசிட்டிருந்தோம், கொஞ்ச நேரத்துல போன்ல அதே விளம்பரம், திக்னு ஆயிடுச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் ஆப்பிள் வாங்கிடு, அவனை மட்டும்தான் நம்பலாம்ங்கிறார், இன்னொருத்தர் எல்லாவனும் திருடன்தான்ங்கிறார். எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல, இருந்தாலும் கேட்கிறேன், நம்ம அந்தரங்க விஷயத்துல இந்த டெக் கம்பெனிகளை நம்பலாமா? எந்த போன் வாங்கலாம்? பாப்பாவுக்கு ஜாதகம் பார்க்க ஒரு ஆப்ல பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் போட்டிருக்கேன், அதனால ஏதும் பிரச்சனை வருமா?

பி.கு: தயவுசெஞ்சு என் பேரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பேரை எடுத்துட்டேன். ஆனா மறைக்க ஒண்ணுமில்லன்னு எழுதின அதே கை கடைசில பேரைப் போடாதீங்கன்னும் எழுதியிருக்கு பாருங்க. கோவிச்சுக்காதீங்க, இந்த 'மறைக்க ஒண்ணுமில்ல' பேச்சைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவர், யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க, யாருக்கு கோர்ட் ஆர்டர்ல பிடித்தம் போகுது எல்லாம் தெரியும். கேன்டீன்ல வாசிச்சுக் காட்டுவீங்களா? அவங்கள்ல எவன் என்ன தப்பு பண்ணான்?

வாஷிங்மெஷினுக்கெல்லாம் மண்டையை உடைச்சுக்காதீங்க. வீட்ல யாராவது அதுக்கு முன்னாடியே தேடியிருப்பாங்க, ஒரே வைஃபை, விளம்பரக்காரனுக்கு அது போதும், வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க. ஒட்டுக்கேக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நாமளே டைப் அடிச்சுக் கொடுத்துட்டு இருக்கோம். ஆப்பிள் கொஞ்சம் தேவலைதான், அவன் பொழப்பு முக்கியமா போன் விக்கிறது. அங்கயும் 'சிரி'ன்னு நாம பேசறதைக் கேட்டு பதில் சொல்ற வசதில பதிவானதை கான்ட்ராக்ட் ஆளுங்க உக்காந்து கேக்கறாங்கன்னு 2019ல வெளிய வந்து, கேஸாகி, தப்பை ஒத்துக்காமலே 9.5 கோடி டாலர் தரோம்னு முடிச்சுக்கிட்டாங்க. அதை விடுங்க.

உங்க லெட்டர் வந்த அன்னைக்குத்தான் பழைய புஸ்தகம் ஒண்ணைப் புரட்டும்போது நடுவுல அடையாளத்துக்கு வச்ச ஒரு எஸ்டிடி பில் கிடைச்சுது. அதையே கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

1996ல டிகிரி முடிச்சு வேலை இல்லாம சங்கரன்கோவில்ல ஒரு எஸ்டிடி பூத்ல உக்காந்திருந்தேன். கண்ணாடி கேபின், உள்ள ஒரு குட்டி ஃபேன், சிவப்பு எழுத்துல காசு ஓடற மெஷின். பேசி முடிச்சு ரிசீவரை வச்சதும் கிர்ர்ன்னு ஒரு சீட்டு வரும், தேதி, நேரம், போட்ட நம்பர், எவ்வளவு நேரம், எவ்வளவு ரூபா. ஒண்ணு பேசினவங்களுக்கு, இன்னொரு காப்பி கணக்குக்கு, டெலிபோன்ஸ்ல இருந்து பில் வந்தா ஒத்துப் பார்க்கணும்னு ஓனர் சொல்லியிருந்தார். கல்லாப்பெட்டி பக்கத்துல வளைஞ்ச கம்பி ஒண்ணு இருக்கும், அதுல குத்தி வைப்போம். பில் கட்டி மாசக்கணக்கு ஆனப்புறமும் அது பாட்டுக்குத் தொங்கிட்டே இருக்கும், எடுத்துப் போடணும்னு எங்க யாருக்கும் தோணினதில்ல.

டைப்ரைட்டிங் கிளாஸ் போற ஒரு பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் வரும். கோயமுத்தூருக்கு ஒரு நம்பர், நாலு நிமிஷம், அதுக்கு மேல பேசாது, காசை எண்ணி வச்சுட்டுத்தான் உள்ளயே போகும். ஒரு தடவை அம்பது காசு சில்லறை இல்லன்னு அடுத்த வாரம் தரேன்னேன், சரிண்ணேன்னு போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவங்க அப்பா வந்தார். அதட்டல, மிரட்டல, காசும் நீட்டல. வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு, தம்பி நம்ம பாப்பா ஃபீஸ் விஷயமா ஒரு நம்பருக்குப் பேசிச்சாம், அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்னார். நான் சரிங்கய்யான்னு கம்பில இருந்து சனிக்கிழமை சீட்டை உருவி அவர் கைல கொடுத்தேன். பத்து செகண்ட் கூட ஆகல. அவர் அதை மடிச்சு சட்டைப்பைல வச்சுக்கிட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போனார்.

அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வரவே இல்ல. கிளாசையும் நிறுத்திட்டாங்கன்னு டைப் சென்டர்காரர் டீ குடிக்கும்போது சொன்னார். அம்பது காசு எங்கிட்டயே இருக்கு.

இதுல கெட்டவன் யாரு சொல்லுங்க? ஓனர் தங்கமான மனுஷன், கேபின்ல யாராவது அழுதா ஃபேன் சத்தத்தைக் கூட்டி வைன்னு சொல்றவர். என்னையும் ஊர்ல நல்ல பையன்னுதான் சொல்லுவாங்க, நல்ல பையன்னாலதான் பெரியவர் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். கம்பில சீட்டு இருந்துச்சு, கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான். பில் கட்டின அன்னைக்கே கிழிச்சுப் போட்டு, சொச்சத்தை ஒரு பூட்டின டிராயர்ல வச்சிருந்தா நான் யோக்கியனா அயோக்கியனான்னு பார்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அதனால யாரை நம்பலாம்னு கேக்கறதை விட்டுட்டு ஒவ்வொரு கம்பெனிகிட்டயும் உன் கம்பில என்ன குத்தி வச்சிருக்க, எதுக்கு, எப்ப கிழிப்பன்னு கேளுங்க.

கதை இல்ல இது. 2016ல அமெரிக்காவுல வர்ஜீனியால ஒரு கிராண்ட் ஜூரி, அதாவது கேஸ் போடலாமான்னு விசாரிக்கிற குழு, வாட்சப் மாதிரி மெசேஜ் அனுப்பற சிக்னல் ஆப்காரங்ககிட்ட ரெண்டு நம்பரோட விவரத்தையெல்லாம் கொடுன்னு சம்மன் அனுப்பிச்சு. அதுல ஒரு நம்பருக்குத்தான் அங்க அக்கவுண்டே இருந்துச்சு. அவங்க கொடுத்தது அந்த அக்கவுண்ட் எப்ப தொடங்கினது, கடைசியா எப்ப கனெக்ட் ஆச்சு, இந்த ரெண்டுதான். வீரம் காட்டிக் கொடுக்காம இருந்தாங்கன்னு இல்ல, கொடுக்க வேற ஒண்ணும் வச்சுக்கல.

இந்தப் பக்கம் ட்விட்டரைப் பாருங்க. பாஸ்வேர்டு பாதுகாப்புக்குன்னு சொல்லி போன் நம்பரையும் ஈமெயிலையும் வாங்கினான், 2013ல இருந்து 2019 வரைக்கும், 14 கோடி பேருக்கு மேல. அதையே எடுத்து விளம்பரக்காரனுக்கு ஆள் பொருத்திக் கொடுத்தான். 2022ல அமெரிக்காவுல 15 கோடி டாலர் அபராதம். பூட்டு வாங்கப் போன கடைல சாவிக்கு அச்சு எடுத்துக்கிட்ட கதை. கணக்குக்குன்னு குத்தின சீட்டு அப்பா கைக்குப் போனதும் இதே ஜாதிதான், ஒண்ணுக்குன்னு வாங்கினது இன்னொண்ணுக்குப் போகுது. வாட்சப்பை 2014ல ஃபேஸ்புக் வாங்கும்போது எதுவும் மாறாதுன்னாங்க, 2016லயே நம்ம நம்பரை அங்க பகிர ஆரம்பிச்சாச்சு. 2021ல இந்தப் பகிர்தலுக்கு ஒத்துக்கிட்டே ஆகணும்னு கழுத்துல துண்டைப் போட்டதுக்கு, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற நம்ம ஊர் போட்டி ஆணையம் 2024ல 213 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, அவங்க அப்பீல் போனாங்க. 2023ல நமக்கும் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, 250 கோடி வரைக்கும் அபராதம் போடலாம், ஆனா அரசாங்கத்துக்கு வேண்டிய அளவு விலக்கு வச்சிருக்காங்க, அந்த வயித்தெரிச்சலைத் தனியா எழுதறேன்.

இப்ப பாப்பா ஜாதகம். இங்கதான் உங்களைத் திட்டணும். ஓனர் நல்லவராவே இருக்கட்டும், கடை கைமாறினா? 23அண்ட்மீன்னு அமெரிக்காவுல ஒரு கம்பெனி, எச்சிலை அனுப்பினா பூர்வீகம் சொல்லுவான். சுமார் ஒன்றரைக் கோடி பேர் அனுப்பினாங்க. 2025 மார்ச்ல திவால்னு கோர்ட்டுக்குப் போயிட்டான். கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலே உங்க டேட்டாவை அழிக்கச் சொல்லிக் கேளுங்கன்னு ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு, ஏன்னா திவாலான கடைல மேஜை நாற்காலியோட கம்பில குத்தினதும் சேர்ந்துதான் ஏலத்துக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா பாப்பா பிறந்த நேரத்தைச் சொல்லுவீங்களா? திருஷ்டி பட்டுடும்னு தேதியைக் கூட மாத்திச் சொல்றவங்க நாம, முகம் தெரியாத ஆப்புக்கு நிமிஷக் கணக்கா டைப் அடிச்சுக் கொடுத்திருக்கீங்க, அதுவும் அந்தப் புள்ளைக்கு இன்னும் கையெழுத்தே போடத் தெரியாது.

ஆப்பை அழுத்திப் பிடிச்சு அன்இன்ஸ்டால் பண்ணா பத்தாது, அது உங்க போன்ல இருந்துதான் போகும். செட்டிங்ஸ்ல அடியில எங்கயாவது டெலிட் அக்கவுண்ட்னு கிடக்கும், அதைப் பண்ணுங்க, கிடைக்கலைன்னா மெயில் போட்டு அழிச்சுட்டேன்னு பதில் வாங்குங்க. ஜாதகம் வேணும்னா உங்க ஊர் ஜோசியர்கிட்ட போங்க, நோட்டுல எழுதி நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி உங்க கைலயே கொடுத்துடுவார், பீரோவுல வச்சுப் பூட்டிக்கலாம்.

எந்த போன்னு கேட்டிருந்தீங்க இல்ல. சார்ஜ் நிக்கிறதா பார்த்து வாங்குங்க.