மூன்று என்றால் மூன்றுதான்: மலர்க் கண்காட்சிக் கேள்வி-பதில்

கண்காட்சித் தேதியை அறிவித்த மறுவாரமே கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். வந்ததில் பாதிக்கு நான் பதில் எழுதவே வேண்டியதில்லை. கண்காட்சி நடத்தும் தோட்டக்கலைச் சங்கம் கொடுத்த விதிமுறைத் தாளை எடுத்துப் படித்தால் போதும். படிக்க மாட்டீர்கள் என்பது தெரிந்த கதை, அதனால்தான் இந்தப் பகுதியே ஓடுகிறது. பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலருடைய மானமாவது மிஞ்சட்டும்.

கேள்வி: ரோஜாவைக் கண்காட்சி அன்று காலையில் வெட்டுவதா, முந்தைய நாளே வெட்டுவதா?

பதில்: முந்தைய நாள் வெயில் தாழ்ந்த பிறகு வெட்டுங்கள். பகல் முழுக்க இலைகள் தயாரித்த சர்க்கரை அப்போது தண்டில் இருக்கும், பூ தாக்குப்பிடிக்கும். அதற்கு வழியில்லை என்றால் விடியற்காலை. உச்சிவெயிலில் வெட்டிக் கொண்டுவந்துவிட்டு "தலை தொங்கிவிட்டது" என்று எழுதாதீர்கள். வெட்டியதை உடனே வாளித் தண்ணீரில் போடுங்கள். வீட்டுக்குள் வந்ததும் தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இன்னொரு அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். காற்றுக்குமிழி ஏறி நீர்ப்பாதையை அடைக்காமல் இருக்கத்தான் இது. பிறகு பூவின் கழுத்து வரை தண்ணீர் நிற்கிற மாதிரி வைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் எட்டுப் பத்து மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் உள்ளே பழம் இருக்கக்கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு ஒரே இரவில் பூவைக் கிழடாக்கிவிடும்.

ஹைப்ரிட் டீ, அதாவது நீண்ட தண்டில் ஒற்றைப் பெரிய பூவாக நிற்கும் ரோஜா, நடுவர் முன்னால் பாதியிலிருந்து முக்கால் வரை விரிந்து நிற்க வேண்டும். அரங்கத்தின் சூட்டில் பூ இன்னும் கொஞ்சம் விரியும் என்பதைக் கணக்கில் வைத்து வெட்டுங்கள். இதழ் அதிகமுள்ள ரகத்தைச் சற்று விரிந்த பிறகும், இதழ் குறைந்த ரகத்தை இறுக்கமாக இருக்கும்போதும் வெட்டுவது வழக்கம்.

கேள்வி: தண்டில் எத்தனை இலை விடலாம்?

பதில்: காட்சிக்கு வைக்கும் ஜாடியில் தண்ணீருக்குள் மூழ்கும் இலை ஒன்றுகூட வேண்டாம். மேலே நிற்பது அத்தனையும் வேண்டும்.

கேள்வி: 'ஒரு தண்டு, ஒரு பூ' பிரிவில் என் ரோஜாவை ஓரங்கட்டிவிட்டார்கள். பூவில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு குட்டி மொட்டு மட்டும் இருந்தது. இது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை. பிரிவின் பெயரிலேயே பதில் இருக்கிறது. ஒரு பூ என்றால் ஒரு பூ, பக்க மொட்டு வந்தால் அது இன்னொரு பூவுக்கான வித்து. பல சங்கங்களில் நிறம் தெரிய ஆரம்பித்த மொட்டையும் பூவாகவே எண்ணுவார்கள். மூன்று தண்டு கேட்டிருக்கும் பிரிவில், ஒன்று உதிர்ந்தால் இருக்கட்டும் என்று நான்காவதைச் செருகி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தாராளத்துக்கு மதிப்பெண் கிடையாது. நடுவர் அதை எடுத்து வைத்துவிட்டு மதிப்பிடவும் மாட்டார். மூன்று என்றால் மூன்றுதான்.

பக்க மொட்டு கடுகளவு இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். கண்காட்சிக்கு முந்தைய இரவு கிள்ளினால் பச்சைக் காயம் பளிச்சென்று தெரியும், அதற்கும் மதிப்பெண் போகும். கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவில் கணக்கு நேர் எதிர். அங்கே நடு மொட்டை முன்கூட்டியே கிள்ள வேண்டும். அதுதான் முதலில் விரிந்து முதலில் வாடி, கொத்தின் நடுவில் பொக்கை விழவைக்கும்.

கேள்வி: பாம்பான் டேலியா வைத்தேன். நல்ல பெரிய பூ, மூன்றரை அங்குலம். மூன்றாம் பரிசுகூட இல்லை.

பதில்: பாம்பான் என்பது டேலியாவில் குட்டி உருண்டைப் பூ வகை. சுமார் 2 அங்குலத்தைத் தாண்டினால் அது பாம்பான் இல்லை. நீங்கள் வைத்தது பந்து வகை. அடுத்த முறை அளவுகோலோடு வாருங்கள்.

கேள்வி: இலைகள் பளபளப்பாகத் தெரிய எண்ணெயோ கடையில் விற்கும் இலை பாலிஷோ தடவலாமா?

பதில்: கூடாது. இந்த ஒரு வரியை எத்தனை ஆண்டுகளாக எழுதுகிறேன் என்று எனக்கே நினைவில்லை. எண்ணெய்ப் பூச்சு இலைத்துளைகளை அடைக்கிறது, தூசியை இழுத்து ஒட்டவைக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஈரமான மெல்லிய துணி போதும். இலையின் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மறு கையால் துடையுங்கள். கண்காட்சிக்கு முந்தைய ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து துடைத்தால் இரண்டு இலையாவது மடங்கும். இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

ஆப்பிரிக்கன் வயலட் மாதிரி ரோமம் உள்ள இலைக்குத் துணி ஆகாது, மென்மையான தூரிகைதான். எச்செவேரியா மாதிரிச் சதைச்செடிகளின் மேல் படிந்திருக்கும் வெள்ளை மாவு அழுக்கு இல்லை, அது செடியின் சொந்தக் கவசம். அதில் விரல் பட்டால் பட்டதுதான், அந்த இலையில் ரேகை நிற்கும். போன ஆண்டு ஒருவர் தன் எச்செவேரியாவைத் 'தேய்த்துக் குளிப்பாட்டிக்' கொண்டுவந்திருந்தார். அவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: நர்சரியில் நன்றாகப் பூத்த தொட்டியாக வாங்கி, நல்ல தொட்டிக்கு மாற்றி வைத்தால் நடுவருக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் செய்வதுதானே?

பதில்: எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதலில் விதி. தொட்டிச்செடிப் பிரிவில் செடி இத்தனை நாளாகக் காட்சிக்கு வைப்பவர் கையில் இருந்திருக்க வேண்டும் என்று விதிமுறைத் தாளில் ஒரு வரி இருக்கும். மூன்று மாதம் என்பது பல இடங்களில் நடைமுறை. பல செடிகளைச் சேர்த்து நட்ட கலவைத் தொட்டி என்றால் அவை சேர்ந்து வளர்ந்து குறைந்தது ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். சங்கத்துக்குச் சங்கம் மாறும், உங்கள் தாளைப் பாருங்கள். நுழைவுச் சீட்டில் நீங்கள் போடும் கையெழுத்து, அந்த வரியை ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்து.

நடுவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். மாற்றி நட்டு இரண்டு நாள் ஆன தொட்டியில் மேல்மண் புத்தம்புதிதாகக் கிடக்கும். தொட்டியை லேசாக ஆட்டினால் செடி வேர்க்கட்டியோடு தனியாக ஆடும். பழைய தொட்டி இருந்த வட்டம் மண்ணில் விளிம்பாகத் தெரியும். நர்சரிக்காரர் போட்ட பச்சை கிளிப்பைக்கூடக் கழற்றாமல் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒரு முறை நான் நடுவராக இருந்த அரங்கில் பிகோனியா பிரிவில் ஆறு தொட்டிகள். அதில் நான்கு ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே அடர்த்தி. ஒரு தட்டில் பிறந்த சகோதரிகள் என்று குழந்தைகூடச் சொல்லும். நான்கு சீட்டில் நான்கு பெயர். மீதி இரண்டில் ஒன்று கட்டிங்கிலிருந்து, அதாவது வெட்டி நட்ட தண்டிலிருந்து, யாரோ வளர்த்தது. கொஞ்சம் ஒருபக்கச் சாய்வு, ஓர் இலையில் பழைய பூச்சிக்கடி. ஆனால் அந்தச் செடியில் ஒரு வருட உழைப்பு தெரிந்தது. நர்சரிச் செடிகளை விலக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஆதாரம் இல்லை என்றார்கள் அமைப்பாளர்கள். மூன்று பரிசும் அந்த நான்குக்குள்ளேயே போயின. கட்டிங்காரர் அதற்குப் பிறகு வரவேயில்லை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நர்சரியில் பூத்து நிற்கும் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கக் காரணம் பல நேரம் அங்கே தெளித்த வளர்ச்சி ஒடுக்கி மருந்து. அதன் வேகம் குறைந்ததும் தண்டு நீளும், கணு இடைவெளி கூடும். உங்கள் வெளிச்சம், உங்கள் கிள்ளல், உங்கள் தண்ணீர் எல்லாம் அப்போதுதான் செடியில் எழுத ஆரம்பிக்கும். மூன்று மாத விதி சும்மா வைத்ததில்லை. இடையில் செடியை யார் வளர்த்தார்கள் என்று பார்க்கத்தான் வைத்தது. வாங்கிய செடியை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று வாங்கி, அடுத்த கண்காட்சிக்கு வையுங்கள். மலர் அலங்காரப் பிரிவில் வாங்கிய பூவுக்குப் பெரும்பாலும் தடையே இல்லை. அங்கே மதிப்பிடுவது உங்கள் அமைப்பை. இங்கே மதிப்பிடுவது உங்கள் வளர்ப்பை.

கேள்வி: சீட்டில் 'மணி பிளான்ட்' என்று எழுதினேன். பெயருக்கு மதிப்பெண் தரவில்லை.

பதில்: தாவரவியல் பெயர் கேட்டால் எபிப்ரெம்னம் ஆரியம் என்று எழுத வேண்டும். ரகப் பெயர் தெரிந்தால் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதை ஃபிலோடென்ட்ரான் என்று எழுதுகிறவர்களும் உண்டு, தொட்டியில் நிற்கும் பெலர்கோனியத்தை ஜெரேனியம் என்பவர்களும் உண்டு. பெயர் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். பதிவு மேசையில் வகைப்படுத்த ஆட்கள் இருப்பார்கள், சீட்டு எழுதும் முன் கேளுங்கள்.

கேள்வி: அலங்காரத்தில் தண்டுகளைக் குத்தி நிறுத்தும் ஃப்ளோரல் ஃபோம் கட்டி தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தது, அழுத்தி முக்கினேன். பாதியில் பூக்கள் வாடிவிட்டன. மிச்சமான பழைய ஃபோமையும் நனைத்துப் பயன்படுத்தினேன்.

பதில்: ஒரே கடிதத்தில் இரண்டு தவறு. ஃபோமைத் தண்ணீர்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது தானாகக் குடித்துத் தானாக அமிழும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அழுத்தினால் வெளிப்புறம் நனையும், உள்ளே காற்று மாட்டிக்கொண்டு உலர்ந்தே இருக்கும். உங்கள் தண்டு போய் நின்றது அந்த உலர்ந்த இடத்தில். ஒரு முறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாகத் தண்ணீர் ஏற்காது. பழைய ஓட்டையில் குத்திய தண்டும் நிற்காது.

என்னைக் கேட்டால் ஃபோமே வேண்டாம். அது மட்காத பிளாஸ்டிக், உதிர்ந்தால் நுண்துகளாகத் தண்ணீரோடு போய்ச் சேரும். பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதை அனுமதிப்பதில்லை. தண்டைக் குத்தி நிறுத்தும் ஊசிகள் கொண்ட கனமான தட்டு, பின் ஹோல்டர், ஒன்று வாங்கினால் உங்கள் காலம் முழுக்க உழைக்கும். வாய் அகன்ற ஜாடிக்குக் கம்பி வலையைப் பந்தாகச் சுருட்டி உள்ளே வைத்தால் போதும். எதை வைத்தாலும் வெளியே தெரியக்கூடாது.

கேள்வி: 'மழை' என்ற தலைப்புக்குக் குடை, தவளைப் பொம்மை, காகிதக் கப்பல், கண்ணாடிக் குளம் எல்லாம் வைத்து அலங்காரம் செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், நடுவர் மட்டும் கடந்து போய்விட்டார்.

பதில்: பூ எங்கே? நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு பூவின் பெயர்கூட இல்லை, கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். துணைப்பொருள் அனுமதித்தால் வைக்கலாம், ஆனால் கண் முதலில் செடிப்பொருளில் போய் நிற்க வேண்டும். வளைந்து தொங்கும் நாலு புல்லும் சாம்பல் நிற இலையும் சேர்ந்தால் மழை வந்துவிடும், தவளை சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிளாஸ்டிக் பூ ஒன்று செருகினாலும் பெரும்பாலான சங்கங்களில் போட்டியிலிருந்து வெளியேற்றம்.

இடத்தையும் கவனியுங்கள். அலங்காரத்தை வைக்க உங்களுக்குத் தரும் தடுப்பு மாடம் 60 சென்டிமீட்டர் என்றால் 60 சென்டிமீட்டர் அலங்காரம் இல்லை. நாலு பக்கமும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பக்கச் சுவரைத் தொடும் ஒற்றை இலைக்காகப் பரிசு போனதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி, அதற்குள் ஒத்திகை பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிய மலர் அலங்காரமான இகெபானாவில் முதல் தண்டுக்கு எவ்வளவு நீளம்?

பதில்: இகெபானாவில் பல மரபுகள் உண்டு, மரபுக்கு மரபு கணக்கு மாறும். 1927இல் சோஃபு தெஷிகஹாரா தொடங்கிய சோகெட்சு முறையில், பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி அதில் ஒன்றரை மடங்கு என்பது நடுத்தரமான முதல் தண்டு. இரண்டாவது அதில் முக்கால், மூன்றாவது இரண்டாவதில் முக்கால். அதோடு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் பூவையெல்லாம் செருகிவிட்டால் அது பூங்கொத்து.

கேள்வி: என் பிரிவில் நான் ஒருத்திதான் போட்டியாளர். எனக்கு இரண்டாம் பரிசு தந்தார்கள். முதல் பரிசு யாருக்குப் போயிற்று?

பதில்: யாருக்கும் போகவில்லை. பல சங்கங்களில் செடியைப் பக்கத்துச் செடியோடு ஒப்பிடுவதில்லை, 100 மதிப்பெண்ணுக்கான குறையில்லாத மாதிரியோடு ஒப்பிடுவார்கள். முதல் பரிசுக்குச் சுமார் 90 வேண்டும் என்றால், 86 வாங்கிய செடிக்கு அரங்கமே காலியாக இருந்தாலும் இரண்டாவதுதான். சீட்டில் நடுவர் குறிப்பு எழுதியிருந்தால் அதைப் படியுங்கள். உங்கள் கடிதத்தோடு இருந்த படத்தில் தொட்டி விளிம்பில் உப்புக்கறை தெரிகிறது, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். நாலு நாளைக்கு ஒரு முறை கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் படும். இதை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், கண்காட்சி வாரத்தில் ஆரம்பித்துப் பயனில்லை.

கேள்வி: பூக்களை வண்டியில் கொண்டுபோகும்போது இதழ்கள் உரசிக் கன்றிவிடுகின்றன.

பதில்: பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, தண்டுக்கு ஒரு பாட்டில் என்று பெட்டிக்குள் நெருக்கி நிறுத்துங்கள். தலைகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளி விடுங்கள். இதழ்களுக்கு நடுவே பஞ்சு வைக்கிறவர்கள் வையுங்கள், ஆனால் நடுவர் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருவராவது மறந்துவிடுகிறார்.

கேள்வி: பதிவு ஒன்பதரை மணியோடு முடிந்துவிட்டது என்று பத்து நிமிடத் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

பதில்: எழுதிவிட்டேன். தாளில் ஒன்பதரை என்றுதானே போட்டிருந்தது?