காரை வீட்டு கேள்வி பதில்: முட்டை, கடுக்காய், அப்புறம் அந்த பாழாப்போன சிமெண்டு

பாளையங்கோட்டையில வெள்ளைக்காரன் காலத்து செங்கல் பங்களா ஒண்ண மூணு வருஷமா பழுது பார்த்து இப்பதான் முடிச்சோம். சுண்ணாம்புக் காரை வேலைதான் 28 வருஷமா எனக்கு சோறு போடுது. நான் போட்ட பங்களா படத்தப் பார்த்துட்டு ஆளாளுக்கு கேக்கீங்க, தெரிஞ்சத சொல்லுதேன்.

பேட்டைக்காரன்: அண்ணாச்சி, எங்க தாத்தா வீட்டு ஓட்டுல 1865னு அடிச்சிருக்கு. கட்டுன வருஷம்னு வாசல்ல எழுதி வைக்கலாமா?

வச்சிராதீங்க தம்பி. அது கம்பெனி பொறந்த வருஷம். மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல ஓட்டு பாக்டரி ஆரம்பிச்சாங்க, அந்த வருஷத்தையே அச்சுல வச்சு பிற்பாடு சுட்ட ஓட்டுலயும் அடிச்சிட்டு வந்தாங்க. 1868னு இருந்தா ஆல்புகர்க் கம்பெனி ஓடு, அதுவும் இதே கதைதான். வயசு தெரியணும்னா பழைய கிரயப் பத்திரத்த தேடுங்க.

முக்கூடல் தங்கச்சி: கம்பி, கான்கிரீட் எதுவும் இல்லாம மச்சு எப்படி அண்ணாச்சி நிக்கி?

இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். முதல்ல தேக்கு உத்திரம், அதுக்கு மேல நெருக்கமா கட்டை. கட்டைக்கு மேல சின்ன செங்கல், 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனம்தான் இருக்கும், அத படுக்க வைக்காம குத்தி நிறுத்தி, மூலையில இருந்து கோணவாக்குல வரிசை வரிசையா காரை வச்சு ஒட்டிக்கிட்டே வருவாங்க, அடியில பலகை முட்டு கிடையாது, கல்லு கல்லப் புடிச்சு நிக்கும். அதான் கட்டக்குத்து, படிச்சவங்க மெட்ராஸ் டெரஸ்ங்காங்க. அது இறுகுனதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலத்துக்குப் போட்டு, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணிய தெளிச்சு தெளிச்சு மரக்கட்டையால நாள்கணக்குல தட்டுவாங்க. தட்டுன கட்டை திருப்பி துள்ளணும், அதுவரைக்கும் விடக்கூடாது. கடைசியா மேல தட்டோடு, அதான் தட்டையா சுட்ட ஓடு, பதிப்பாங்க.

இந்த பங்களாவுல ஏணி போட்டு மச்ச கம்பால தட்டிக்கிட்டே போனேன், எல்லா இடமும் கணீர்னு கேட்டுச்சு, வடமேக்கு மூலையில மட்டும் பொத்துன்னு ஒரு சத்தம். மேல போய் பார்த்தா ஒழுகுதுன்னு யாரோ ஒரு காலத்துல அந்த இடத்துல சிமெண்டு போட்டு மொழுகியிருக்காங்க. உள்ள இறங்குன தண்ணி வெளிய வர வழியில்லாம, கட்டை சுவத்துக்குள்ள சொருகியிருக்க முனை ரவை மாதிரி உதுந்து கிடந்துச்சு, வெரலாலயே தோண்டி எடுத்தேன். ஒரு முழம் தள்ளி உளி வச்சா தேக்கு வாசம் அடிக்கி. மனசு ஆறவே இல்ல. அதனாலதான் கும்பிட்டு கேக்கேன், காரை வீட்டுல சிமெண்டு வைக்காதீங்க.

அம்பை வாத்தியார்: சுவத்துல உப்பு பூக்குது. வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம் சார். செங்கல் தரையில இருந்து ஈரத்த இழுக்கும், சுண்ணாம்பு பூச்சு அத வெளிய விட்டுரும். பெயிண்டோ சிமெண்டோ அடைச்சீங்கன்னா உப்பு உள்ளயே கட்டி செங்கல் மூஞ்சி பொருபொருன்னு உதுந்துரும். சுவத்தோரமா தண்ணி நிக்காம பாருங்க, பூச்ச இடுப்பளவுக்கு உரிச்சு காயவிட்டு சுண்ணாம்பே பூசுங்க.

டவுன் மாப்ள: முட்டை ஊத்தி கட்டுனதாலதானே இவ்வளவு பலம்?

இல்ல. முட்டை வெள்ளைக்கரு கடைசி பூச்சுக்கு மட்டும், அந்த கண்ணாடி பளபளப்புக்கு. கட்டுற காரையில முட்டை ஊத்துறதில்ல.

டவுன் மாப்ள: எங்க ஆச்சி கண்ணால பார்த்தாவ, வண்டி வண்டியா முட்டை வந்துச்சாம். ஆச்சி பொய் சொன்னாவளா?

ஆச்சி பார்த்தது நெசமாத்தான் இருக்கும் தம்பி. பெரிய வீட்டுக்கு தார்சாங்குற முன்கூடம், பட்டாசல்ங்குற உள்கூடம், தூணுன்னு கடைசி பூச்சுக்கே கூடை கூடையா முட்டை ஆகும். ஆனா பலம் அதுல இல்ல. தண்ணி ஊத்தி நீத்துன சுண்ணாம்பு காத்துல இருக்க கரியமில வாயுவ மெதுவா வாங்கி திரும்ப கல்லா மாறும், வருஷக்கணக்குல நடக்கும் அது. அதுவும் நல்லா அரைச்ச சுண்ணாம்பா இருக்கணும், மாடு கட்டி செக்குல அரைச்ச காலம் அது.

பாளை சைவம்: அப்ப எங்க வீட்டு தூணுலயும் முட்டையா? எங்க தாத்தா கோவில்ல தேவாரம் பாடுனவர்!

ஐயா, பதறாதீங்க. முட்டை இல்லாமலும் பளபளப்பு வரும். நைசா அரைச்ச சுண்ணாம்ப பூசி, ஈரம் காயுமுன்ன வழுவழு கூழாங்கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். கை அசந்துரும், ஆனா முகம் பார்க்கலாம்.

டவுன் மாப்ள: என்ன இருந்தாலும் முட்டைதான் அண்ணாச்சி.

ஆச்சி வீட்டுத் தூண நேர்ல வந்து பார்க்கேன், அங்க வச்சு பேசுவோம்.

களக்காட்டான்: செங்கல் இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்ததாமே?

இங்க இருக்க களிமண்ணுல, இங்க உள்ள ஆளுக சுட்டது.

தாழையூத்து: சிமெண்டு கொஞ்சமா கலந்துக்கிட்டா?

கூடாது.

வள்ளியூர்: வெளிச்சுவத்துக்கு மட்டும் சிமெண்டு?

மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு. படிச்சுட்டு கேளுங்கய்யா.

சுத்தமல்லி: அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, பட்டா பேர் மாத்தணும்.

அதுக்கு வக்கீலப் பாருங்க.

நாசரேத் தங்கச்சி: பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி பழைய கட்டடம் காட்டணும், எங்க கூட்டிட்டுப் போக?

பாளையங்கோட்டையிலயே ஆரம்பிங்க. 1785ல குளோரிந்தாங்குற, கிறிஸ்தவத்துக்கு மாறுன பிராமண அம்மா கட்டுன சர்ச், பாப்பாத்தியம்மா கோயில்னு கேட்டா வழி சொல்லுவாங்க. 1826ல கட்டுன தூய திரித்துவ சர்ச், ஊசிக்கோபுரம்னு சொல்லுவாங்க. அப்புறம் இடையன்குடியில கால்டுவெல் குடியிருந்த வீடு, நினைவு இல்லமா வச்சிருக்காங்க. சுவத்துக் கனம், சன்னல் உயரம், காத்து வர்ற வழி, இது மூணையும் பிள்ளைங்கள தொட்டுப் பார்க்க விடுங்க.

கடையம்: மச்சுல ஒரு கட்டை லேசா தொங்குது. இடிச்சிரச் சொல்லுதாங்க. பயமா இருக்கு அண்ணாச்சி.

இடிக்காதீங்கம்மா. கட்டைக்கு அடியில இன்னைக்கே முட்டு குடுங்க, கீழ யாரையும் படுக்க விடாதீங்க. கட்டை சுவத்துக்குள்ள போற ரெண்டு முனையையும் பகல் வெளிச்சத்துல கிட்டப்போய் படம் எடுத்துப் போடுங்க. ஒத்தக் கட்டைன்னா மாத்திரலாம், இந்த பங்களாவுல நாங்க ஏழு மாத்துனோம்.