கேட்பது எதுவென்று முதல் வரியில் தெரியட்டும்
வாசகர் கேள்வி – பதில்: அலுவலகக் கடிதங்கள்

கேள்வி: தேயிலைத் தோட்டக் காரியாலயம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஓய்வுபெற்ற பெண் தொழிலாளி ஒருவரின் சேமலாப நிதி தொடர்பாகத் தொழில் அலுவலகத்திற்கு இரண்டு தடவைகள் எழுதினேன். முதற் கடிதத்திற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, மேலதிக விபரங்கள் தேவை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டின் பிரதிகளையும் அனுப்பியுள்ளேன். எங்கே தவறினேன்?
வாசகி, ஹட்டன்

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு கடிதங்களையும் நிதானமாக வாசித்தேன். தமிழில் பிழை ஏதுமில்லை. அந்த அம்மாவின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறையும் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் முதற் கடிதத்தில் அவருடைய நீண்ட சேவை, முழங்கால் வலி, மகனுக்கு வேலையில்லாத நிலை எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, இரண்டாம் பக்கத்தில்தான் நீங்கள் கேட்பது என்னவென்று வருகிறது. கடிதத்தைப் பிரிக்கும் உத்தியோகத்தர் இது எந்தக் கோவைக்குரியது, தாம் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையுமே முதலில் தேடுவார். அவை கண்ணில் படாத கடிதம், பிறகு பார்க்கலாம் என்ற அடுக்கில் சேர்ந்துவிடும். அவருக்கு இரக்கம் இல்லாததால் இப்படி நடப்பதில்லை. அன்றைய தபாலில் வந்தவற்றுள் உடனே முடிக்கக்கூடியவற்றை அவர் முதலில் எடுக்கிறார்.

"விடயம்: சேமலாப நிதி தொடர்பாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அலுவலகத்திற்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சேமலாப நிதி தொடர்பானவையே. ஆகவே விடய வரி உங்கள் கடிதத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்: "விடயம்: ஓய்வுபெற்ற அங்கத்தவரின் சேமலாப நிதிக் கோரிக்கை – பெயர் வேறுபாட்டைச் சீர்செய்தல்." அதற்குக் கீழேயே தொழில்தருநர் இலக்கம், அங்கத்துவ இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் மூன்றும் ஒரே இடத்தில் வரட்டும். அவர்களுடைய பதிலின் தலைப்பில் "எனது இல." என்ற இடத்தில் ஓர் இலக்கம் இருக்கிறதல்லவா? அடுத்த கடிதத்தில் "உமது இல." என்று குறித்து அதை எழுதுங்கள். உங்கள் இரண்டாவது கடிதத்தைப் போலவே மூன்றாவதும் புதிய கடிதமாக அலைந்து திரியாமல் உரிய கோவைக்குள் போய்ச் சேர இந்த ஓர் இலக்கமே வழி.

முதல் வாக்கியம் இப்படி அமையலாம்: "எமது தோட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மேற்படி அங்கத்தவரின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகப் பதியப்பட்டுள்ளதால் நிலுவையில் உள்ள அவரது சேமலாப நிதிக் கோரிக்கையை, இத்துடன் இணைக்கப்பட்டுள்ள சான்றுகளின் அடிப்படையில் பரிசீலித்து உதவுமாறு வேண்டுகிறேன்." நீளமான வாக்கியந்தான். ஆயினும் யார், என்ன தடை, என்ன வேண்டும் என்பது இதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பெயர் வேறுபாடுதான் மலையகத்தில் இத்தகைய கடிதங்களின் உயிர்நிலை. பிறப்புச் சான்றிதழில் முத்தம்மாள், செக்ரோல் எனப்படும் தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேட்டில் முத்தாயி, அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு சேர்ந்து இன்னொரு வடிவம் என்று எத்தனை பேருக்கு இருக்கிறது! தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வரும்போது ஓரெழுத்து மாறினாலும் பதிவேட்டில் அவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். "பெயரில் சிறு வித்தியாசம் உண்டு" என்று நீங்கள் எழுதியது போதாது. எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்பதை ஒவ்வொன்றாக, அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்திலேயே குறிப்பிட்டு, மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கான சத்தியக் கடதாசியை இணையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்பே பேர் பதிந்த தொழிலாளி என்றால், அவர் ஒரே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும் காகிதத்தில் தொழில்தருநர் மாறியிருப்பார். சேவைக்காலத்தை "நீண்ட காலம்" என்று எழுதாமல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த நிர்வாகத்தின் கீழ், எந்த டிவிஷனில் என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் காரியாலய அலுமாரியில் உள்ள பழைய செக்ரோல்தான் இதற்குச் சாட்சி.

இரண்டாவது கடிதத்தில் பணிக்கொடையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் பெரிய சிக்கல் நேர்ந்திருக்கிறது. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் சேர்ந்து நிதியத்தில் இருக்கும் பணம். பணிக்கொடையோ 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்தருநரே சேவை முடிந்து 30 நாட்களுக்குள் நேரடியாகக் கொடுக்க வேண்டியது. அதைக் கேட்கும் கடிதம் முதலில் உங்கள் முகாமையாளருக்கே போக வேண்டும். சொந்த நிர்வாகத்திற்கு எழுதுவது சங்கடந்தான். இருந்தாலும் குறிப்பாக எழுதி, திகதியிட்டு, ஒரு பிரதியைக் கோவையில் வையுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடமாற்றத்தையும் நிலுவைச் சம்பளத்தையும் ஒரே கடிதத்தில் கேட்டேன். இடமாற்றப் பிரிவு தன் வேலையை முடித்துக் கடிதத்தைக் கோவையில் கோத்துவிட்டது. நிலுவை பற்றிய பந்தி யார் கண்ணிலும் படாமல் பதினான்கு மாதங்கள் அதற்குள்ளேயே கிடந்தது. அன்றிலிருந்து ஒரு கடிதத்தில் ஒரு விடயத்திற்கு மேல் நான் எழுதியதில்லை.

கேள்வி: அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதினால் வேலை நடக்காது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. என்ன செய்வது?
வாசகர், பண்டாரவளை

பதில்: 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தத்தின்படி, நீங்கள் அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் பெறவும் உரித்துடையவர். நடைமுறையில் தாமதம் ஏற்படுவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதி புரிந்த ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அதைவிட நீண்ட தாமதத்தைத் தருவதைப் பல தடவைகள் கண்டிருக்கிறேன். தமிழில் தெளிவாக எழுதுங்கள். பெயரையும் முகவரியையும் மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தனியார் நிறுவனங்களை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது. அங்கே எதிரில் இருப்பவர் வாசிக்கும் மொழியே கடிதத்தின் மொழி. அதற்காகச் சிறு சிறு வாக்கியங்களில் ஆங்கிலம் எழுதிப் பழகுவது நல்லது.

கேள்வி: கரட், லீக்ஸ், கோவா என்று ஹோட்டல்களுக்கு மரக்கறி அனுப்புகிறேன். ஓடர் எல்லாம் தொலைபேசியில்தான். ஒரு ஹோட்டல் மூன்று பில்களுக்குப் பணம் தராமல், அப்படி ஓடர் செய்யவே இல்லை என்கிறது. கோபத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
வாசகர், நுவரெலியா

பதில்: அனுப்ப வேண்டாம் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது; ஆனாலும் "ஏமாற்றுக்காரர்கள்" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பணத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுவார்கள். மூன்று பில்களின் இலக்கம், திகதி, தொகை, பொருளைப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவரின் பதவி ஆகியவற்றை அட்டவணையாகப் போட்டு, கையொப்பமிட்ட பிரதிகளை இணைத்து, "மொத்தத் தொகையை எதிர்வரும் 15ஆம் திகதிக்கு முன்னர் செலுத்தி உதவுங்கள், இவற்றில் ஏதேனும் உங்கள் கணக்குடன் ஒத்துவராவிட்டால் எந்தப் பில் என்பதை அதே திகதிக்குள் எழுத்தில் அறியத் தாருங்கள்" என்று முடியுங்கள். இரண்டாவது பகுதி முக்கியமானது. முழுவதையும் ஒரேயடியாக மறுக்க இடமில்லாமல், எது தவறு என்று சொல்ல வேண்டிய பொறுப்பை அது அவர்களிடம் கொடுக்கிறது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

இனிமேல் தொலைபேசியில் ஓடர் வந்தால், லொறி புறப்படும் முன்பே, "இன்று காலை நீங்கள் தொலைபேசியில் கேட்டபடி கரட் 60 கிலோ, லீக்ஸ் 40 கிலோ நாளை காலை வந்து சேரும், மாற்றம் இருந்தால் மாலை 4 மணிக்கு முன் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பெரியதுரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, எழுதும்போது "தங்கள் பாதம் பணிந்து" என்றெல்லாம் என் தகப்பனார் எழுதுவார். அப்படி எழுதாவிட்டால் மரியாதைக் குறைவாகுமா?
வாசகி, மஸ்கெலியா

பதில்: ஆகாது, மகளே. உங்கள் தகப்பனார் எழுதிய காலத்தில் வேலையும் லயத்துக் காம்பராவும் துரையின் ஒரு சொல்லில் தங்கியிருந்தன. அந்தப் பயத்தில் பிறந்த வார்த்தைகளுக்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்று நீங்கள் கேட்பது உங்களுக்குரிய விடுமுறையையோ உங்கள் சேவைச் சான்றிதழையோதான். "ஐயா" என்று தொடங்கி, "வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்து, "இங்ஙனம்" என்பதன் கீழ் முழுப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.